வெட்டாமல் விட்ட திட்டு

மண் வேலை செய்கிறவர்கள் எவ்வளவு பெரிய குழி வெட்டினாலும் நடுநடுவே கொஞ்சம் இடத்தை வெட்டாமல் தூண் மாதிரி விட்டுவைப்பார்கள். அதன் தலையில் பழைய தரை புல்லும் பூண்டுமாக அப்படியே இருக்கும். வேலை முடிந்ததும் இன்ஜினியர் வந்து அந்தத் தலையிலிருந்து குழியின் அடிவரைக்கும் டேப் பிடித்து அளப்பார். எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்குத்தான் பில். அளந்து முடிந்ததும் ஜேசிபியை விட்டுத் தூணைத் தட்டி, அந்த மண்ணையும் லாரியில் ஏற்றிவிடுவார்கள். சைட்டில் அதற்குப் பேர் திட்டு.

வரதன் மீசை முளைக்கிற வயதில் மண்வெட்டியோடு இந்தத் தொழிலுக்கு வந்தவன். இப்போது தலை பாதி நரைத்துவிட்டது. லோனில் வாங்கிய ஒரு ஜேசிபி இருந்தது, அதை ஓட்ட பீட்டர் இருந்தான், அங்கே இங்கே அலைந்து பிடிக்கிற காண்ட்ராக்ட் வேலைகள் இருந்தன. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் கும்மிடிப்பூண்டி சிப்காட் பக்கம் ஷெட் போட வந்த ஒரு கம்பெனிக்கு இடம் பள்ளமாக அமைந்துவிட்டது. அதை நிரப்ப மண் வேண்டும் என்றார்கள். ஊத்துக்கோட்டைக்கு மேற்கே ஏரிக்கரையை ஒட்டிய ஒரு பட்டா நிலத்தில் வரதன் குழி போட்டான். மேலே செம்மண்ணும் கூழாங்கல்லும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் களிமண், புத்தகத்துத் தாள் மாதிரி ஏடு ஏடாகப் பிரிகிற களி.

அந்தக் களியைத் தேடிக்கொண்டுதான் ஹெலன் ஸ்கூட்டியில் வந்தாள். திருவள்ளூரில் ஒரு தனியார் காலேஜில் தாவரவியல் டீச்சர். அப்பா கும்மிடிப்பூண்டி இரும்பு மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். வேலைக்குப் போய்க்கொண்டே மெட்ராஸில் ஒரு பேராசிரியரிடம் பிஎச்டி செய்துகொண்டிருந்தாள், பல வருஷமாக.

"அக்கா, மண்ணுல இன்னா தேடறீங்கோ? தங்கமா?" என்றான் பீட்டர், ஜேசிபி மேலிருந்தே.

"தங்கம் கெடச்சா உன்கிட்டயே குடுத்துட்டுப் போறேன் பீட்டர். எனக்கு இந்தக் களி போதும்."

"களி வேணும்னா ஜெயில்ல போடுவாங்கோ. இங்க எதுக்கு வெயில்ல வந்துக்கினு?"

அவள் சிரித்துவிட்டாள். அப்புறம் வரதனைப் பார்த்து, பாடம் நடத்துகிற குரல் வராமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி சொன்னாள். "பத்து கோடி வருஷத்துக்கு முன்னாடி இந்தப் பக்கம் ஒரு ஆறு ஓடிச்சுண்ணா. கூழாங்கல்லு அது உருட்டிக்கினு வந்தது. வேகம் கொறஞ்சு தண்ணி தேங்கன எடத்துல களி படிஞ்சுது. அந்தத் தண்ணில மொளச்ச செடியோட தூளு இதுக்குள்ள இருக்கலாம். ஸ்போர்னு சொல்லுவாங்க. பெரணிச் செடிக்கு விதை கெடயாது, அதான் விதை மாதிரி."

"கண்ணுக்குத் தெரியுமாம்மா?"

"கடுகுல கால்வாசி இருக்கும். மண்ண ஊற வெச்சு, சல்லடைல அலசி, காய வெச்சு, மைக்ராஸ்கோப்புல பாத்து, ஈர பிரஷ் நுனியால ஒண்ணொண்ணா பொறுக்கணும்."

பீட்டர் வரதன் காதில் சொன்னான். "அரிசில கல்லு பொறுக்கவே எங்கூட்ல ஆளு இல்ல."

ஹெலனுக்கு ஒரே ஒரு உதவிதான் வேண்டியிருந்தது. மேலிருந்து கீழ்வரை களி எப்படிப் படிந்திருக்கிறது என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். குழியின் ஓரம் எல்லாம் ஜேசிபி பல் பட்டுக் கலைந்து கிடந்தது. திட்டு மட்டும்தான் கலையாதது. "அளந்தப்புறம் ஒண்ண மட்டும் இடிக்காம எனக்கு வெச்சிருங்கண்ணா."

"அது இன்னாம்மா பெரிய விஷயம். வெச்சுர்றேன்" என்றான் வரதன்.

தீபாவளி முடிந்த கையோடு மழை பிடித்துக்கொண்டது. நின்று பார்க்கும்போது ஏரிப் பக்கத்துத் திட்டு இடுப்புக்கு மேலே சரிந்து குழிக்குள் கொட்டிக் கிடந்தது. திட்டு விழுந்தால் அந்தப் பக்கத்து ஆழத்துக்கு அத்தாட்சி இல்லை. இன்ஜினியர் தன் இஷ்டத்துக்கு ஒரு அளவைப் போட்டுக் குறைத்துவிடுவார். இது அடிக்கடி நடக்கிறதுதான். அதற்கு என்ன செய்வார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

விழுந்த களி தண்ணீரில் ஊறிப் போயிருந்தது, பிடித்து வைத்தால் நிற்கவில்லை. பீட்டர் மண்வெட்டியோடு போய் ஏரி ஓரத்துச் சேற்றைக் கூடை கூடையாகக் கொண்டுவந்து அதில் கலந்து மிதித்தான். நடுவில் ஒரு சவுக்குக் கழியை இறக்கி, அதைச் சுற்றி மண்ணை அப்பி, மண்வெட்டியால் தட்டித் தட்டிச் செதுக்கினார்கள். தலையில் வைக்கப் புல்லோடு ஒரு பாளம் வெட்டி வந்தார்கள்.

"வுழுந்ததுதான் வுழுந்துச்சு. ஒரு முழம் ஏத்தியே வெப்போம்ணே. யாரு வந்து கேக்கப்போறான்?"

வரதன் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த மாசம் டீசலுக்கே தவித்துக்கொண்டிருந்தான். மூன்று வார வெயிலில் திட்டு காய்ந்து வெடித்து மற்ற திட்டுகளைப் போலவே ஆகிவிட்டது. கட்டினவனுக்கே ஒட்டு தெரியவில்லை.

இன்ஜினியர் அருணாச்சலம் அளக்க வந்த அன்றைக்கே ஹெலனும் வந்துவிட்டாள். அவர் எல்லாத் திட்டையும் அளந்து, எழுதிக்கொண்டு, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நல்ல மனுஷன். படிக்கிற பெண் என்றதும் அவருக்கு உதவி செய்யத் தோன்றிவிட்டது.

"எந்தத் திட்டும்மா வேணும் உனக்கு?"

"எதுன்னாலும் பரவால்ல சார். ஒசரமா இருந்தா நல்லது."

"அப்ப அதோ, ஏரிப் பக்கம் நிக்குது பாரு. அதான் இருக்கறதுலயே ஒசரம். வரதா, அத வுட்டுட்டு மத்தத இடிச்சுருப்பா."

வரதனுக்கு வாய் திறந்தது. 'அது வேணாம்மா, அந்தப் பக்கத்துல இருக்கறத எடுத்துக்கோ' என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் ஏன் வேண்டாம் என்று அருணாச்சலம் கேட்டால்? அவர் இப்போதுதான் அந்தத் திட்டின் தலையில் டேப்பை வைத்து எடுத்திருந்தார். பேனாவுக்கு இன்னும் மூடி போடவில்லை. வரதன் திறந்த வாயோடு, "சரி சார்" என்றான்.

மற்ற திட்டுகளை பீட்டர் அன்று சாயங்காலத்துக்குள் தட்டி லாரியில் ஏற்றிவிட்டான். ஹெலன் தரையிலிருந்து மேலே ஏணி வைத்து ஏறி, ஒரு சாண் இடைவெளியில் கத்தியால் மண்ணைத் தோண்டிப் பாலிதீன் பைகளில் போட்டாள். ஏணி ஆடாமல் பிடித்துக்கொண்டிருந்தது வரதன்தான். மேலிருந்து அவள் நீட்டின பைகளை வாங்கி வரிசையாக அடுக்கினதும் அவன்தான்.

'எதுவும் கெடைக்காமப் போயிரும், விட்டுருவா' என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததும் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

பொங்கலுக்கு அப்புறம் ஒரு நாள் அவள் மறுபடி வந்தாள். குழிக்குள் இறங்கி, திட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, வரதனிடம் கேட்டாள். "அண்ணா, உண்மையச் சொல்லுங்க. மழைல இது மேல எங்கயிருந்தாவது சேறு வழிஞ்சுதா?"

வரதன் திட்டைப் பார்த்தான். "ஏம்மா?"

"கெடச்சிருக்குண்ணா. நீர்ப் பெரணியோட ஸ்போரு. மேல் பாதில எடுத்த பைலதான் நெறைய. ஆனா பாக்க ரொம்பப் புதுசா இருக்கு. எங்க சார் சந்தேகப்படறாரு. வெளி மண்ணு கலந்திருக்கும், போய்ப் பாத்துட்டு வான்னு அனுப்பிட்டாரு. அவருக்கு முட்டி வலி, அவரால வர முடியாது."

தானாக வந்து விழுந்த வழி அது. வரதன் அதைப் பிடித்துக்கொண்டான். "ஆமாம்மா. மழைல மேலேர்ந்து சேறு ஒழுகிச்சு. நானே பாத்தேன். அதெல்லாம் சேர்த்திதான் நீ எடுத்துக்கினு போயிருப்ப. தூக்கிப் போட்டுரு அத."

பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சேறு கலந்தது உண்மைதானே. எப்படிக் கலந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பெண் பிழைத்தாள், நாமும் பிழைத்தோம்.

ஹெலன் தலையில் அடித்துக்கொண்டாள். "என் தப்புண்ணா. மேல்தோலச் செதுக்கி எடுத்துட்டுதான் மண்ணு எடுக்கணும். மொத பாடமே அதான். அவசரத்துல வுட்டுட்டேன்." அப்புறம் சட்டென்று முகம் தெளிந்தது. "அப்ப மேல் மண்ண நல்லா செதுக்கிட்டு உள்ளேயிருந்து எடுத்தா தெரிஞ்சிரும்ல? உள்ளயும் இருந்துச்சுன்னா அது நெசம்."

அவள் பையைத் திறந்து நீளமான ஒரு இரும்புக் குழாயை எடுத்தாள். சுத்தியலால் தட்டித் தட்டி அதைத் திட்டின் வயிற்றுக்குள் இறக்கினாள். களைத்துப்போய் நின்றபோது, "குடும்மா" என்று சுத்தியலை வாங்கி வரதன்தான் மீதியைத் தட்டினான். பார்த்துக்கொண்டு சும்மா நிற்க முடியவில்லை. ஒவ்வொரு அடிக்கும் உள்ளே இருக்கிற சவுக்குக் கழியில் குழாய் முட்டிவிடும் என்று எதிர்பார்த்தான். முட்ட வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டான். முட்டவில்லை. குழாய் கழிக்குப் பக்கத்தில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது.

அடுத்த மாசம் அவன் வீட்டுக்கே வந்துவிட்டாள், கையில் ஸ்வீட் டப்பாவோடு. வரதனின் மனைவி பூவம்மாள் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"உள்ளயும் இருக்குண்ணா! தோலுல இருந்தது மாதிரியே உள்ளயும் இருக்கு. அதுமட்டுமில்ல, கூடவே நசுங்கிப் போன பழைய ஸ்போரும் மகரந்தமும் இருக்கு, அதெல்லாம் அந்தக் காலத்துதுன்னு எங்க சாருக்கு நல்லாத் தெரியும். ரெண்டும் ஒரே மண்ணுல இருந்தா இதுவும் அந்தக் காலந்தானே? அவரே ஒத்துக்கிட்டாரு. களி காத்துப் போவாம மூடியிருந்ததால புதுசு மாதிரி இருக்குங்கறாரு."

பழைய களியையும் ஏரிச் சேற்றையும் ஒன்றாகப் போட்டு மிதித்த பீட்டரின் கால்கள் வரதன் கண்ணுக்கு முன்னால் ஏறி இறங்கின.

ஹெலன் ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். முத்து மாதிரி உருண்டையாக, ஒரு முனையில் சின்ன மூக்கோடு இருந்தது. "இது எந்தக் குடும்பம் தெரியுமாக்கா? நம்ம ஆரைக்கீரை இல்ல, நாலு எல வெச்சு? அது கீரையே இல்ல, தண்ணில வளர்ற பெரணி. அதோட முப்பாட்டன் இது."

"அட! ஆரைக்கீரையா? இவருக்குன்னு நேத்துதான் ஏரிக்கரைலேர்ந்து பறிச்சாந்து கடைஞ்சேன்" என்றாள் பூவம்மாள். "அந்தக் குழியாண்டதான். காடு மாதிரி கீது அங்க."

வரதன் எழுந்து உள்ளே போய்த் தண்ணீர் குடித்தான். திரும்பி வரும்போது ஹெலன் பூவம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். லக்னோவில் கூட்டமாம். இந்த மாதிரி ஆராய்ச்சி செய்கிறவர்கள் நாடு பூராவும் இருந்து வருவார்களாம். அவளும் பேசப் போகிறாளாம். பிஎச்டியை முடிக்காவிட்டால் காலேஜில் வேலை நிற்காது, இதோடு அந்தத் தொல்லையும் ஒழியும். "பயமாவும் இருக்குக்கா. எங்க லைன்ல ஒருத்தர் ஒரு தடவ தப்பான பொருளக் கொண்டாந்து நெசம்னு சொல்லிட்டாரு. வேணும்னு இல்ல, ஏமாந்துட்டாரு. அதுக்கப்புறம் அவர் எதச் சொன்னாலும் யாரும் நம்பறதில்ல. கூட்டத்துல அவர் எழுந்தாலே பக்கத்துல இருக்கறவங்க ஒருத்தர ஒருத்தர் பாத்துப்பாங்க. சாகறவரைக்கும் அதான்."

போகும்போது வாசலில் நின்று சொன்னாள். "தீசிஸ்ல நன்றி சொல்ற பக்கத்துல உங்க பேரும் போடறேண்ணா. நீங்க அந்தத் திட்ட விட்டு வெக்கலன்னா எதுவுமே இல்ல."

அன்றைக்கு வரதன் சரியாகச் சாப்பிடவில்லை. பூவம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். "இன்னாயா ஆச்சு உனக்கு? அந்தப் பொண்ணு வந்ததுலேர்ந்து ஒரு மாதிரி கீற?"

அவளிடம் சொன்னான். முழுசாகச் சொன்னான். அவள் கொஞ்ச நேரம் ஸ்வீட் டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிக்கவே இல்லை அதை.

"இன்ஜினியர ஏமாத்தன, அது உங்க தொழிலு. அவனும் எங்கயாவது உங்கள ஏமாத்துவான். இந்தப் பொண்ணு உன்ன இன்னா பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணல."

"அப்பறம்?"

"அப்பவே சொல்லியிருக்கணும். பாதி சொன்னேன். பாதி சொன்னதுதான் பேஜாராப் பூடுச்சு. ஒண்ணுமே சொல்லாம இருந்திருந்தாக்கூட அந்த சாரே சந்தேகப்பட்டுத் தூக்கிப் போட்டிருப்பாரு. நான் சொன்னதாலதான் அந்தப் பொண்ணு உள்ள கொடஞ்சு பாத்து நெசம்னு நம்பிக்கினு கீது."

பூவம்மாள் எழுந்தாள். "மீதிப் பாதியச் சொல்லு" என்றாள். டப்பாவைத் தூக்கி அலமாரி மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

சொல்லலாம் என்று நாலைந்து தடவை ஹெலன் நம்பரைப் போட்டான். முதல் மணி அடிப்பதற்குள் கட் செய்தான். ஒரு தடவை அவளே திருப்பிக் கூப்பிட்டு, "கூப்டீங்களாண்ணா?" என்றாள். "கை பட்டுருச்சும்மா" என்றான்.

அந்த வாரம் அருணாச்சலம் போன் செய்தார். நிலத்துக்காரருக்குக் குழியை ஒழுங்குபடுத்தி ஒப்படைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை வந்து பார்க்கிறேன், அந்தத் திட்டையும் தட்டிவிடு என்றார். பீட்டர் அதைக் கேட்டுவிட்டு ஒரு பெருமூச்சு விட்டான்.

"அவ்ளோதாண்ணே. இன்னைக்கே தட்டிட்டா தீந்துது. திட்டே இல்லன்னா எவன் வந்து இன்னா கண்டுபுடிப்பான்? நீ ஏன் நைனா இப்டி மூஞ்ச வெச்சிக்கினு கீற? அவங்க பாக்கறது கண்ணுக்கே தெரியாத ஐட்டம். பத்து கோடி வருஷம்னா இன்னா, பத்து மாசம்னா இன்னா, யாரு போய் எண்ணிப் பாக்கப்போறான்?"

"அது எண்ணிப் பாக்கறவங்க கூட்டத்துலதான்டா பேசப் போவுது."

பீட்டர் ஜேசிபியில் ஏறி ஸ்டார்ட் செய்தான். பக்கெட்டைத் தூக்கித் திட்டின் தோளுக்கு மேல் கொண்டுவந்து நிறுத்தி, வரதனைப் பார்த்தான். தலையை ஆட்டினால் போதும். அப்புறம் அந்தத் திட்டு கும்மிடிப்பூண்டியில் ஏதோ ஒரு ஷெட்டுக்கு அடியில் சிமெண்டுக்குக் கீழே போய்விடும். அந்தப் பெண்ணும் லக்னோவுக்குப் போய்விடும். என்றைக்காவது ஒரு நாள் அவள் பேச எழும்போது பக்கத்தில் இருப்பவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். ஏன் என்று அவளுக்குக் கடைசிவரை தெரியாது.

"இறக்குடா" என்றான் வரதன்.

"திட்டு மேலயா?"

"தரைல இறக்குடா பக்கெட்ட. வண்டிய ஆஃப் பண்ணு."

வெள்ளிக்கிழமை காலையில் ஹெலனை அவனே கூப்பிட்டான். திட்டை இடிக்கப் போகிறார்கள், வந்து போம்மா என்றான். அவளுக்கும் கூட்டத்தில் காட்ட ஒரு நல்ல போட்டோ வேண்டியிருந்ததாம், காலேஜுக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். புதுசாக ஒரு டிஜிட்டல் கேமரா, யாரிடமோ இரவல் வாங்கினது. திட்டின் மேல் ஒரு அளவுகோலைச் சாய்த்துவைத்து, வெளிச்சம் பார்த்து, உட்கார்ந்தும் நின்றும் எடுத்தாள்.

"முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுண்ணா."

"அந்த ஸ்கேல எடுத்துக்கோ. தள்ளி நில்லு."

வரதன் கடப்பாரையை எடுத்துத் திட்டின் வயிற்றில் ஓங்கிக் குத்தினான். "அண்ணா! இன்னாண்ணா பண்றீங்க?" என்று அவள் கத்தினாள். அவன் நிறுத்தவில்லை. இரண்டு குத்து, மூன்று குத்து. காய்ந்த மண் பாளம் பாளமாகப் பெயர்ந்து விழுந்தது. கடைசியில் தலைப்புல் ஒரு பக்கமாகச் சரிய, நடுவில் சவுக்குக் கழி வெளியே தெரிந்தது. பட்டைகூட உரிக்காத கழி.

ஹெலன் அதைப் பார்த்தாள். முதலில் புரியவில்லை அவளுக்கு. கிட்டே வந்து, பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கீழே விழுந்து கிடந்த ஒரு பாளத்தை எடுத்துப் பிளந்தாள். ஏடு ஏடாகப் பிரியவில்லை அது. உருண்டையாக, கட்டி கட்டியாக உடைந்தது.

"இது... கட்னதா?"

"ஆமாம்மா. தீபாவளி மழைல வுழுந்துச்சு. அளவு கொறையக்கூடாதுன்னு ஏரிச் சேத்தக் கலந்து நாங்கதான் கட்டனோம். கட்டும்போது ஒரு முழம் ஏத்தியும் வெச்சோம். அன்னிக்கி இன்ஜினியர் உனக்கு இதயே காட்னப்போ அவர் எதிர்ல சொல்ல வாய் வரல. அப்பறம் நீ கேட்டப்போ சேறு வழிஞ்சுதுன்னு சொன்னேன். வழியல. வெச்சு அப்பனது."

அவள் அழவில்லை. திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் தேவலாம் போலிருந்தது அவனுக்கு. கையிலிருந்த மண்ணை உதிர்த்துவிட்டு, "உள்ள அடுக்கு அடுக்கா கோடு இருக்கான்னு நான் பாத்திருக்கணும்" என்றாள், தனக்குள் சொல்லிக்கொள்கிற மாதிரி. "கெடச்சுருச்சுங்கற சந்தோஷத்துல பாக்கல."

"நீ இன்னாம்மா பண்ணுவ..."

"நீங்க பேசாதீங்க கொஞ்ச நேரம்."

போனை எடுத்துப் பேராசிரியரைக் கூப்பிட்டாள். குழிக்குள் சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைக்கும். "சார், ஹெலன் சார். அந்த மெட்டீரியல் வேணாம் சார். லக்னோக்கு எழுதி அந்தப் பேப்பர வாபஸ் வாங்கிரலாம் சார்... கன்டாமினேஷன்தான் சார்... இல்ல சார், உள்ளயும். என் தப்பு சார். நான் செக்‌ஷன சரியாப் பாக்கல. ஆமா சார். என் தப்புதான்."

எதிர்ப்பக்கம் பேசுவது வரதனுக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் முகத்தில் தெரிந்தது. நீளமாகத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் "சரி சார், சரி சார்" என்று தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். வரதன் பெயரை அவள் எடுக்கவில்லை. எடுக்கப்போவதும் இல்லை என்று அவனுக்குப் புரிந்தது. அப்படியே போகட்டும் என்று விட்டிருந்தால் போயிருக்கும்.

மேலே குழியின் விளிம்பில் ஜீப் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. அருணாச்சலம் இறங்கிக் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு குழியைப் பார்த்தார்.

வரதன் கையை நீட்டினான். "போன குடும்மா."

அவள் கொடுக்கவில்லை. அவனும் நீட்டின கையை மடக்கவில்லை. கடைசியில் கொடுத்தாள்.

"சார், வணக்கம். மண்ணு காண்ட்ராக்டர் வரதன் பேசறேன்."

"யாரு?"

"வரதன் சார். ஹெலனம்மா மேல தப்பு இல்ல. அந்தத் திட்டு..."

"கேக்கலயே. சத்தமாப் பேசுங்க."

வரதன் மேலே பார்த்தான். அருணாச்சலம் இந்தப் பக்கம் திரும்பியிருந்தார். ஜீப் டிரைவரும் எட்டிப் பார்த்தான். பீட்டர் ஜேசிபி நிழலில் உட்கார்ந்து கண்ணாலேயே வேண்டாம் வேண்டாம் என்றான்.

"அந்தத் திட்டு நாங்க கட்னது சார்!" என்று வரதன் கத்தினான். நாலு பக்கமும் வெட்டின குழி, குரல் அங்கேயே சுற்றிக்கொண்டு நின்றது. "மழைல வுழுந்துச்சு! ஏரிச் சேத்த வெச்சு நான்தான் கட்னேன்! அளவுக்காக ஏத்திக் கட்னேன்! அந்தப் பொண்ணு கேட்டப்பவும் பொய் சொன்னேன்! கேக்குதா சார்?"

அந்தப் பக்கத்திலிருந்து பேராசிரியர் நிதானமாகக் கேட்டார். "அடிப்பாகமும் கட்னதா?"

"இல்ல சார். இடுப்புக்குக் கீழ தொடவே இல்ல. அது நெசம்."

"அந்தப் பொண்ணுகிட்ட குடுங்க."

கொடுத்தான். அவள் கேட்டுக்கொண்டாள். "சரி சார்" என்றாள், இந்தத் தடவை ஒரே ஒரு முறை. போனைப் பைக்குள் போட்டு, பையிலிருந்து கத்தியையும் காலிப் பாலிதீன் பைகளையும் எடுத்தாள். திட்டின் அடிப்பாகத்துக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, மேல்தோலைச் செதுக்க ஆரம்பித்தாள். செதுக்கின இடத்தில் மூக்கு படுகிற மாதிரி குனிந்து பார்த்தாள். மெல்லிய கோடுகள், ஒன்றின் மேல் ஒன்றாக. விரலால் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் கத்தியை வைத்தாள்.

"ஏணி வேணுமாம்மா? பிடிக்கட்டா ஏதாவது?" என்றான் வரதன்.

"வேணாம் சார்" என்றாள், திரும்பாமலே.

"வரதா!" மேலேயிருந்து அருணாச்சலத்தின் குரல். கோபமாக இல்லை, அதுதான் பயமாக இருந்தது. "மேல வாப்பா கொஞ்சம்."

வரதன் கடப்பாரையைக் கீழே போட்டான். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு, லாரி ஏறுகிற சரிவில் மேலே நடக்க ஆரம்பித்தான். பாதி வழியில் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். ஹெலன் முதல் பையைக் கட்டிக்கொண்டிருந்தாள்.